பிள்ளைகளோடு கடல் கடக்கும் முன் ரீச்சர் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள்

"இவன் எப்படி நித்திரை கொள்வான்?"

கடவுச்சீட்டுப் படிவம் நிரப்பித் தரச் சொல்லிப் போன என்னிடம் ரீச்சர் கேட்ட முதல் கேள்வி இதுதான். படிவத்தை அவர் இன்னும் கையில் வாங்கவில்லை. என் இடுப்பில் இருந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணையில் போட்டு ஆட்டினால்தான் உறங்குவான் என்றேன். "விமானத்தில் ஏணை கட்ட வளை இல்லையே, பிள்ளை. இன்றைக்கே வேறு விதமாகப் பழக்கத் தொடங்கு" என்றார். பயணத்துக்கு அப்போது நான்கு மாதம் இருந்தது.

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து நகரப் பக்கமாக வரும்போது, ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது அந்தக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கதவில் 'தட்டச்சு, போட்டோக் கொப்பி, தையல்' என்று வெள்ளை மையால் எழுதியிருக்கும். உள்ளே ஒரு கணினி, ஒரு பிரதி இயந்திரம், ஒரு பழைய கால்மிதித் தையல் இயந்திரம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நான்கு முறை போய் வந்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில்தான், படிவம் நிரப்ப வரும் தாய்மாரை உட்கார வைத்துப் பயணத்துக்கே ஆயத்தப்படுத்தத் தொடங்கினார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஊரில் எல்லோருக்கும் அது ரீச்சர் கடை.

நாங்கள் முரசுமோட்டை. 2025ஆம் ஆண்டு ஆனி மாதம் ரொறன்ரோவில் என் அக்காவுக்குப் பிள்ளைப்பேறு. அம்மாவின் முழங்கால் அவ்வளவு தூரப் பயணத்துக்கு இடம் கொடாது. பத்தியம் சமைத்துக் கொடுக்க நான்தான் போக வேண்டும். இவருக்கு, என் கணவருக்கு, சிறுபோக நெற்செய்கை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு வயலை விட்டு எந்த வெள்ளாண்மைக்காரனும் நான்கு மாதம் நகர மாட்டான். ஆக, ஆறு வயது மகளும் இரண்டு வயது நான்கு மாத மகனும் நானும் மட்டும். நான் அதுவரை கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

முதலில் நகரத்தில் ஒரு முகவரிடம்தான் போனோம். மூன்று பேருடைய விசா வேலைக்கும் 45,000 ரூபா கேட்டார். பிள்ளைகளையும் கைரேகைக்குக் கொழும்புக்குக் கூட்டிவர வேண்டும் என்றார். கனடா விசாவுக்கு 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கைரேகை கொடுக்க வேண்டியதில்லை என்பதை ரீச்சர் சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய வாயால் அதைக் கேட்டிராவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் இரவு பஸ்ஸில் ஏற்றி இறக்கி, வெறும் கையோடு திரும்பியிருப்பேன். ரீச்சர் மூன்று பேருக்குமான விசாக் கோவைக்கு வாங்கியது 6,500 ரூபா. கடவுச்சீட்டுப் படிவத்துக்கு ஆளுக்கு 300. விசாக் கட்டணம் வேறு: ஒருவருக்கு 100 கனேடிய டொலர், எனக்கு மட்டும் கைரேகைக்கு மேலதிகமாக 85. அதை அவர் தொடுவதே இல்லை. பிள்ளைகளைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்லித் தருவதற்குக் காசு வாங்குவதும் இல்லை.

இனிப் பத்திரங்கள். வன்னியில் என் வயதுக்காரருக்கு இதுதான் பெரிய மலை. நான் 1992இல் விசுவமடுவில் பிறந்தவள். 2009இல் நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் வரும்போது அம்மா எங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். செட்டிகுளம் முகாமில் அவிழ்த்துப் பார்த்தபோது எழுத்து எல்லாம் கரைந்து நீலக் கறையாக இருந்தது. பிறகு எடுத்த பிரதியில், 'ஜெ' என்று தொடங்க வேண்டிய என் பெயர் 'செ' என்று தொடங்குகிறது. அடையாள அட்டையிலும் திருமணச் சான்றிதழிலும் 'ஜெ'. தமிழில் வாசிக்கும் எங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆங்கிலத்துக்கு மாற்றினால் முதல் எழுத்தே வேறாகி, இரண்டு வேறு பெண்கள் ஆகிவிடுவோம்.

ரீச்சர் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்தார். என் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இவருடைய அடையாள அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். ஒவ்வொரு பத்திரத்திலும் உள்ள பெயரைப் பென்சிலால், ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்தாக, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதினார். வேறுபட்ட இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார். என் வரிசையில் ஒரு புள்ளி. இவருடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் 'த'வுக்கு ஓரிடத்தில் ஒரு எழுத்து, இன்னோரிடத்தில் இரண்டு எழுத்து. அங்கே ஒரு புள்ளி. மகளுடைய பிறப்புச் சான்றிதழை முன்பே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தோம். அதில் மூன்று புள்ளி. அந்த மொழிபெயர்ப்பை அப்படியே ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார். எனக்குச் சத்தியக்கடதாசி முடித்து, கடவுச்சீட்டு கையில் வந்த பிறகு, அதில் அச்சாகியிருந்த எழுத்துகளைப் பார்த்து அதன்படியே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் புதிதாகச் செய்வித்தோம். வரிசை முக்கியம் என்று அன்றைக்கு விளங்கியது: முதலில் கடவுச்சீட்டு, பிறகுதான் மொழிபெயர்ப்பு.

இன்னொன்றையும் அந்தக் கொப்பியைக் காட்டித்தான் விளக்கினார். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. என் பெயரோடு என் அப்பாவின் பெயர். பிள்ளைகளின் பெயரோடு அவர்களுடைய அப்பாவின் பெயர். "கடவுச்சீட்டை மட்டும் பார்க்கிற வெள்ளைக்காரருக்கு நீ இவர்களின் தாய் என்று எந்த எழுத்து சொல்லும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பும் தகப்பனின் சம்மதக் கடிதமும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்க வேண்டும் என்றார். சம்மதக் கடிதத்தை ஆங்கிலத்தில் அவரே தட்டச்சு செய்தார். போகும் நாள், திரும்பும் நாள், அக்காவின் முகவரி, இவருடைய தொலைபேசி எண், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அதில் இருந்தன. சமாதான நீதவான் முன்னால் இவர் கையொப்பம் வைத்தார். வயற்காணி அனுமதிப்பத்திரம், விதானையாரின் கடிதம், வங்கிக் கணக்கு விபரம், மகளின் அதிபர் தந்த விடுமுறைக் கடிதம் ஆகியவை விசாக் கோவைக்குப் போயின. திரும்பி வருவோம் என்பதற்கு அவைதான் சாட்சி.

வாழ்க்கையில் நான் பை கட்டிய நேரமெல்லாம் திரும்பி வருவோமா என்று தெரியாமல் கட்டிய நேரம்தான். திரும்பும் நாளை எழுதிக் கையொப்பம் வைத்து ஒரு பயணத்துக்குப் பை கட்டியது இதுவே முதல் முறை. அந்தக் கடிதம் அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வந்தபோது ரீச்சருக்கு முன்னால் அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் எடுத்துவந்து தந்தார்.

தடுப்பூசி விடயத்தில் அவருக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். பிள்ளைகளின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். எல்லா ஊசியும் போட்டாயிற்று, குடும்பநல உத்தியோகத்தர் ஒன்றையும் தவற விடவில்லை என்று பெருமையோடு கொண்டுபோனேன். அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். எங்கள் நாட்டில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசியை ஒன்பதாம் மாதத்தில் ஒன்றும் மூன்று வயதில் ஒன்றுமாகப் போடுகிறார்கள். கனடாவில் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். மகள் இரண்டும் போட்டவள். மகனுக்கோ ஒன்பதாம் மாத ஊசி மட்டும்தான். அந்த நாட்டுக் கணக்கில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. அந்த வருடம் ஒன்ராறியோ மாகாணத்தில் சின்னமுத்து பெருமளவில் பரவிக்கொண்டிருந்தது. "நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தைக் காட்டி அவரிடம் கேள்" என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பினார். வைத்தியர் பதிவேட்டையும் பயணத் தேதியையும் பார்த்தார். மூன்று வயது வரை காத்திருக்காமல் பயணத்துக்கு முன்பே அந்த ஊசியைப் போட ஒழுங்கு செய்தார். போகப்போகும் நாட்டில் என்ன பரவுகிறது என்று நானாக ஒருநாளும் விசாரித்திருக்க மாட்டேன். ஊசி விடயத்தில் யாரும் என் சொல்லைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளையின் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ஆனால் நேரத்தோடு போங்கள்.

பிறகு ஒத்திகை. கடவுச்சீட்டுக்கு வவுனியாவுக்கு வரச் சொல்லி நாள் கிடைத்திருந்தது. (2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணத்திலும் கடவுச்சீட்டு அலுவலகம் இயங்குகிறது. எங்களுக்கு அப்போது வவுனியாதான்.) அந்த நாளையே விமானப் பயணமாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் ரீச்சர். கையில் கொண்டுபோகப் போகும் அதே பை, பிள்ளைகளுக்கு அதே உடுப்பு, அதே சாப்பாடு, பஸ்ஸில் ஏறினால் வவுனியா வரை இறங்குவதில்லை. முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கினார்கள். நாங்கள் இருக்கையிலிருந்தே கும்பிட்டோம். மகள் கச்சானுக்கு அழுதாள், பொறுத்துக்கொண்டேன். மாங்குளம் தாண்டியதும் காலையில் சாப்பிட்ட முட்டையை அப்படியே சத்தியெடுத்தாள். மாற்றுடுப்பு மேலே, பெரிய பைக்குள். மகன் ஓமந்தை வரை சிணுங்கினான். என் சேலைத் தலைப்பால் அவனுடைய கால்களை மூடியதும் உறங்கிவிட்டான்.

மூன்றையும் திரும்பி வந்து ரீச்சரிடம் ஒப்பித்தேன். அவர் கொப்பியில் குறித்துக்கொண்டார். பயண நாளில் மகளுக்கு முட்டை இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செட் உடுப்பு பொலித்தீன் பையில் சுற்றி, என் கால்மாட்டில் இருக்கும் பையில் மேலாகவே இருக்க வேண்டும். எனக்கும் ஒரு மேற்சட்டை. மகனுக்குக் கால் மூட ஒரு துணி. அந்தத் துணி என்ன என்பதையும் அவரே சொன்னார்: "புதுப் போர்வை வாங்காதே. நீ உடுத்து உடுத்து நைந்துபோன பருத்திச் சேலை ஒன்றைக் கொண்டுபோ. தோய்க்காமல் கொண்டுபோ." அதில் என் மணம் இருக்கும் என்பதற்காக.

மகளோடு அவர் தனியாகவும் பேசினார். எங்கள் வீட்டில் குந்தியிருக்கும் மலசலகூடம்தான். விமானத்தில் கதிரை போல உயரமாக இருக்கும் என்றும், பொத்தானை அழுத்தினால் பெரிய இரைச்சல் வரும், அது ஒன்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகாது என்றும் சொன்னார். "முதலில் எழும்பி உடுப்பைச் சரிசெய். பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்து. அம்மா அழுத்துவா." மகள் கடைக்குள்ளேயே ஒரு வாங்கில் இருந்து எழும்பிக் காதைப் பொத்திக் காட்டினாள். விமானத்தில் அதே ஒழுங்கில்தான் செய்தாள். எங்களுக்கு முன் போன ஒரு பிள்ளை அந்த இரைச்சலுக்குப் பயந்து வீரிட்டு அழுதபடி வெளியே வந்ததைப் பார்த்தேன்.

இந்தக் கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருள் என்றால் கழுத்துப் பைதான். ஒன்று 450 ரூபா. மகளுக்கு ஒன்று தைத்தோம். வெள்ளைச் சீருடைத் துணி, இரண்டு மடிப்பு. உள்ளங்கை அளவு. வாய்க்கு மூடி வைத்து அழுத்துப் பொத்தான். கழுத்து நாடாவும் பின்பக்கம் தைத்து முடிக்கப்படாமல் இன்னோர் அழுத்துப் பொத்தானால் சேர்கிறது. எங்காவது சிக்கி இழுபட்டால் கழுத்தை இறுக்காமல் கழன்றுவிட வேண்டும் என்பதற்காக. வெளியே பெயர் கிடையாது. ஆசையாகப் பெயர் தைத்துத் தரச் சொல்லி மகள் கேட்டாள். ரீச்சர் மறுத்துவிட்டார். முன்பின் தெரியாதவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும் என்றார். பையைத் திறந்தால் உள்மடிப்பில் ஒரு துணிக்கீலம். அதில் சிவப்பு நூலால் கையால் தைத்த மூன்று தொலைபேசி எண்கள்: அக்காவுடையது, அத்தானுடையது, இவருடையது. நாட்டுக் குறியீட்டு எண்ணும் சேர்த்து. மையால் எழுதினால் வியர்வையில் கரையும். அது எனக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய விடயம் இல்லை. என் விரலால் அந்த எண்களைத் தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கலாம் போல அவ்வளவு தடிப்பாக இருந்தன.

பயணம் எப்படி என்றால், வைகாசிக் கடைசியில் முரசுமோட்டையிலிருந்து வான் பிடித்துக் கட்டுநாயக்காவுக்கு ஆறரை மணிநேரம். பிறகு வளைகுடா நாடு ஒன்றில் ஏழு மணிநேரக் காத்திருப்பு. அங்கேதான் சேலை வேலை செய்தது. இரண்டு கதிரை வரிசைக்கு இடையில் நிலத்தில் நான்காக மடித்து விரித்தேன். ஒரு தலைப்பால் மகனின் காலை மூடினேன். மறு தலைப்பைக் கதிரைக் கைகளில் போட்டு வெளிச்சத்தை மறைத்தேன். ஏணை போல ஒரு நிழல். மூன்று மணிநேரம் உறங்கினான். பாதுகாப்புச் சோதனையில் மகனின் பால் போத்தலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்திருந்தேன். குழந்தையின் பாலுக்கு நூறு மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை, ஒளிக்காமல் எடுத்துக் காட்டு என்று ரீச்சர் சொல்லியிருந்தார். காட்டினேன், விட்டார்கள். விமானம் இறங்கத் தொடங்கியதும் மகளுக்குத் தோடம்பழ இனிப்பு, மகனுக்கு உறிஞ்சிக் குடிக்கும் கோப்பையில் தண்ணீர். விழுங்கிக்கொண்டே இருந்தால் காது அடைக்காது. அவன் அழவில்லை.

ரொறன்ரோவில் குடிவரவு அதிகாரி தகப்பன் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் வாசித்தார். பிறகு மகளைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னதும் அவள் "அப்பா வயலுக்குள் நிற்கிறார், தண்ணீர் கட்ட வேண்டும்" என்றாள். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரிந்த சொற்கள் போதுமாக இருந்தன.

குறைகளையும் சொல்ல வேண்டும், அவரிடமே சொல்லிவிட்டேன்.

முதலாவது, விசாப் படிவத்தில் மகனின் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறித் தட்டச்சாகியிருந்தது. அனுப்புவதற்கு முன்னால் நான் வாசித்துப் பார்த்ததால் தப்பியது. உடனே திருத்தித் தந்தார், காசு வாங்கவில்லை. ஆனாலும் மூன்று பேருடைய கோவையை மாலை நேரத்தில், கண் களைத்த பிறகு அவர் செய்கிறார். நீங்கள் போனால் ஒவ்வொரு வரியையும் கட்டாயம் வாசியுங்கள்.

இரண்டாவது, சாப்பாடு. பிள்ளைகளுக்கு அங்கே ஒன்றும் வாய்க்குப் பிடிக்காது என்று சொல்லி, வறுத்த அரிசிமா, பயற்றம்மா, சமபோஷா என்று ஆறு கிலோவுக்கு மேல் கட்ட வைத்துவிட்டார். எதையும் மறைக்காமல் உணவு இருக்கிறது என்று சுங்கப் படிவத்தில் சொல்லிவிடு என்று அவர் சொன்னது சரி. ஆனால் ஸ்காபரோவில் அக்கா வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒடியல் மா வரை கிடைக்கிறது. அந்த ஆறு கிலோவுக்கும் அக்காவுக்கு முருங்கையிலை வற்றலும் சரக்குத் தூளும் இன்னும் கொஞ்சம் கொண்டுபோயிருக்கலாம். சின்ன நகரங்களுக்குப் போகிறவர்களுக்கு அவருடைய பட்டியல் பொருந்தும். ரொறன்ரோவுக்குப் பாதி போதும்.

மூன்றாவதுதான் பெரியது. நித்திரையைப் பற்றி அவ்வளவு கேட்டவர், நேர மாற்றத்தைப் பற்றிப் போதுமான அளவு சொல்லவில்லை. கோடையில் எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணிநேர வித்தியாசம். எங்கள் மதியம் அங்கே விடியற்காலை இரண்டரை. முதல் ஆறு இரவும் ஒரு மணிக்கு இரண்டு பிள்ளைகளும் எழும்பிச் சோறு கேட்டார்கள். பக்கத்து அறையில் நிறைமாதமாக அக்கா. அதைவிடப் பெரிய சிக்கல், ஆனி மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்குத்தான் பொழுதுபடுகிறது. பொழுதுபட்டால் சாப்பாடு, பிறகு நித்திரை என்று வளர்ந்த பிள்ளைகள். யன்னலைக் காட்டி "இன்னும் பொழுது படவில்லையே அம்மா" என்று மகள் சொன்னபோது அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தான் கறுப்புத் துணி வாங்கி யன்னலை மூடினார். விடிந்ததும் பிள்ளைகளை வெளியே வெயிலில் ஓட விட்டேன். எட்டாம் நாள்தான் வழிக்கு வந்தார்கள். போகும் முன்பே ஒரு வாரத்துக்கு நாளுக்குக் கொஞ்சமாகப் படுக்கும் நேரத்தைப் பின்தள்ளிப் பழக்கியிருக்கலாம். இதைத் திரும்பி வந்து ரீச்சரிடம் சொன்னேன். கொப்பியில் எழுதிக்கொண்டார்.

காப்புறுதியைப் பற்றி ஒரு வரி. வருகை விசாவில் போகிறவர்களுக்கு ஒன்ராறியோவின் இலவச மருத்துவம் இல்லை. பயணக் காப்புறுதி எடுக்காமல் பிள்ளைகளைக் கொண்டுபோகாதே என்று ரீச்சர் பிடிவாதமாக நின்றார். மூன்றாம் வாரம் மகனுக்குக் காய்ச்சலும் காதுவலியும். வைத்தியருக்கும் மருந்துக்கும் முதலில் நாங்கள் கட்டினோம். ரசீதுகளை அனுப்பிய பிறகு பணம் திரும்பி வந்தது. கையோடு கொண்டுபோன பிள்ளைகளுக்கான பனடோல் சிரப்பும் ஜீவனிப் பொட்டலங்களும் அந்த முதல் இரவுக்கு உதவின.

கடை காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை, பிறகு மூன்றிலிருந்து ஆறு வரை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பூட்டு. தொலைபேசியில் ஆலோசனை சொல்ல மாட்டார், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பார். வாங்கு ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் நெடுநேரம் நிற்க வேண்டி வரலாம், யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள். விமான டிக்கெட் அவர் எடுத்துத் தருவதில்லை. ஆனால் எடுக்கும் முன் பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்பார். இரண்டு வயது முடிந்த பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும். போகும்போது மடியிலும் திரும்பும்போது இரண்டு வயது கடந்தும் இருக்கும் பிள்ளைகளுக்குத் திரும்பும் வழிக்கு இருக்கை வாங்க வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். குறைந்தது நான்கு மாதம் முன்னதாகப் போங்கள். ஊசிக்கும் பெயர்ப் பிழைக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

புரட்டாதியில், கடிதத்தில் எழுதியிருந்த நாளில் திரும்பி வந்தோம். போன மாதம் முழங்காவிலில் இருக்கும் என் மச்சாளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அவள் ஐந்து வயது மகளோடு நோர்வேக்குப் போகிறாள். புதிதாக ஒரு பை தைக்க வேண்டாம், எங்களுடையதே இருக்கிறது என்று கொடுத்தேன். ரீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சவர அலகின் முனையால் சிவப்பு நூலை ஒவ்வொரு தையலாக அறுத்து, எண்கள் இருந்த கீலத்தை முழுதாக உருவி எடுத்தார். புதுக் கீலம் வெட்டி, நோர்வே எண்ணை மச்சாளிடம் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகள் பழைய கீலத்தைக் கேட்டாள். அவர் மடித்துக் கொடுத்தார். இப்போது அது அவளுடைய பென்சில் பெட்டிக்குள் இருக்கிறது. பெரியம்மாவோடு பேச வேண்டும் என்றால் அதை எடுத்துவந்து, விரலால் தடவித் தடவி எண்களைச் சொல்கிறாள்.